அந்தர்யோகம்: ஒரு குழுவின் தனிமை

1886-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசி வாரம். வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஆன்ட்பூர் என்னும் சிற்றூர். குளிர் மிகுந்த ஓர் இரவில், திறந்த வெளியில் மூட்டப்பட்ட துனி நெருப்பைச் சுற்றி ஒன்பது இளைஞர்கள் அமர்ந்திருந்தனர். மேலே விண்மீன்கள், சுற்றிலும் கிராமத்தின் அமைதி. நெடுநேரம் தியானம் நடந்தது. பின்னர் அவர்களுள் ஒருவரான நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய துறவையும், சீடர்கள் அவருக்காக ஏற்ற துன்பங்களையும் அவர் சொல்லச் சொல்ல, கேட்டவர்களின் உள்ளத்திலும் தீ பற்றியது. உலகைத் துறந்து வாழ்வது என்று அந்த நெருப்பின் முன் அவர்கள் உறுதி பூண்டனர். அன்று கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தைய இரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்தது.

அந்த இளைஞர்களின் அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தால்தான் அந்த இரவின் பெருமை விளங்கும். ஆகஸ்ட் 16-ஆம் நாள் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்திருந்தார். காசிப்பூர்த் தோட்ட வீடு கைவிட்டுப் போயிற்று. வீட்டார் வற்புறுத்தலால் சிலர் படிப்புக்குத் திரும்பியிருந்தனர். சுரேந்திரநாத் மித்ரர் வாடகை கொடுத்து உதவிய வராகநகர் வீட்டில் நிலையாகத் தங்கியவர் ஒரு சிலரே. குருவின் அன்பு ஒன்றுசேர்த்த அந்தக் குழு, குரு இல்லாத நிலையில் சிதறிப் போயிருக்கலாம். அதற்குரிய காரணங்கள் எல்லாம் கைவசம் இருந்தன. அந்த வேளையில்தான் பாபுராமின் தாயார் மாதங்கினி தேவியார் நரேந்திரரைத் தம் ஊருக்கு அழைத்தார். செய்தி அறிந்த மற்றவர்களும் உடன் புறப்பட்டனர். ஊர் திரும்பிய பின், 1887-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வராகநகரில் விரஜா ஹோமம் செய்து முறைப்படி சந்நியாசம் ஏற்றனர். அந்த நெருப்பைச் சுற்றி இருந்தவர்களுள் ஒருவரான சசி, 1897-இல் சுவாமி ராமகிருஷ்ணானந்தராகச் சென்னைக்கு வந்தார் என்பது தமிழன்பர்கள் அறிந்ததே.

ஆன்ட்பூர் இரவை எவரும் திட்டமிடவில்லை. அவ்வாறாயின், ஒரு குழுவின் தனிமை நாட்களைத் திட்டமிடுவதில் பயன் உண்டா? உண்டு. விறகை அடுக்குவது மனிதனின் வேலை. தீ பற்றுவது அருளின் வேலை. ஈர விறகை அடுக்கிவிட்டு அருளைக் குறை சொல்வது முறையன்று.

தனிமை எதற்கு?

தனிமை என்பது ஒருவனுக்கு உரியது. குழு என்பது பலரால் ஆவது. குழுவாகத் தனிமையை நாடுவது முரண்போலத் தோன்றும். தமிழ்நாட்டில் இதற்கு 'அந்தர்யோகம்' என்ற அழகிய பெயர் வழங்குகிறது. திருப்பராய்த்துறை ஸ்ரீராமகிருஷ்ண தபோவனத்தை 1942-இல் நிறுவிய சுவாமி சித்பவானந்தர் (1898-1985) ஊர் ஊராகச் சென்று அந்தர்யோகங்களை நடத்தினார். பலர் ஒன்றாக அமர்ந்திருப்பர். ஆயினும் ஒவ்வொருவருடைய பார்வையும் உள்நோக்கியே இருக்கும். அருகில் இருப்பவரின் அமைதி தன் அமைதிக்குத் துணையாகிறது. வீட்டில் கால் மணி நேரம் உட்கார இயலாதவர் நாற்பது பேர் நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவதன் இரகசியம் இதுவே.

இல்லறத்தார்க்குத் தனிவாசத்தை வலியுறுத்தும்போது ஸ்ரீராமகிருஷ்ணர் பாலை உவமையாகக் காட்டுவார். பாலைத் தண்ணீரில் ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும். அதே பாலை அசையாத இடத்தில் உறையவைத்துக் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால், வெண்ணெய் தண்ணீரில் கலவாமல் மிதக்கும். இந்த உவமையில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. வெண்ணெய் கடைசியில் தண்ணீருக்கே திரும்புகிறது. தனிமை உலகை விட்டு ஓடுவதற்கன்று. மூழ்காமல் உலகுக்குத் திரும்புவதற்கு. ஆகவே ஒரு முகாமைத் திட்டமிடுபவர் முதலில் எண்ண வேண்டிய நாள் புறப்படும் நாளன்று, திரும்பும் நாள்.

ஆன்ட்பூரிலிருந்து கிழக்கே வந்து கங்கையைக் கடந்தால் கொல்கத்தா. அதன் கிழக்கு விளிம்பில், ராஜார்ஹாட் பகுதியில் இருப்பது நியூ டவுன். வயல்களும் மீன் ஏரிகளும் இருந்த இடத்தில், 1999-இல் தொடங்கப்பட்ட ஹிட்கோ என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய திட்டமிட்ட நகரம் அது. இன்று அங்கே கணினி நிறுவனங்கள், வங்கிகள், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் எல்லாம் உள்ளன. இராமகிருஷ்ண மிஷனின் 'விவேக தீர்த்தம்' என்ற மையமும் அங்கே அமைந்துள்ளது.

அந்நகரின் ஓர் அலுவலகத்தில் முப்பது பேர் கொண்ட ஒரு பிரிவு இருப்பதாகக் கொள்க. வேலை பெருகியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. அடுத்த இருக்கைக்காரரின் தந்தை மருத்துவமனையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. மேலாளர் இருவர் மாதக்கணக்கில் நேரில் பேசாமல் மின்னஞ்சலிலேயே வழக்காடுகின்றனர். இவர்களை இரண்டு நாள் வெளியே அழைத்துச் செல்வது என்று முடிவாகிறது. வழக்கமாக நடப்பது என்ன? ஓர் உல்லாச விடுதி, குளிரூட்டிய அரங்கு, காலை முதல் மாலை வரை உரைகள், இரவில் கேளிக்கை, இறுதியில் குழுப் புகைப்படம். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் களைப்போடு அதே இருக்கைக்கு, அதே மனத்தாங்கலோடு வந்து சேர்வர். அலுவலகத்தில் மட்டுமன்று, பள்ளி ஆசிரியர் குழுவிலும், தொண்டு நிறுவனத்திலும், பக்தர் சங்கத்திலும்கூட இதுவே நடப்பதுண்டு.

ஐந்தையும் எண்ணுதல்

ஒரு செயலைச் செய்யுமுன் எண்ண வேண்டியவை ஐந்து என்று வள்ளுவர் 'வினைசெயல்வகை' அதிகாரத்தில் வகுத்துள்ளார். செலவாகும் பொருள், துணையாகும் கருவி, தக்க காலம், செய்யும் வினை, உரிய இடம் ஆகியவை அந்த ஐந்து. அரசனுக்குச் சொன்ன அந்த நெறி அந்தர்யோகத்துக்கும் பொருந்தும்.

வினை: எதற்காகப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். "மனம் புத்துணர்வு பெற" என்பது போதாது. "நமக்குள் நின்றுபோன பேச்சை மீண்டும் தொடங்க", "இந்தச் சேவையை ஏன் தொடங்கினோம் என்பதை நினைவுகூர" என்பன போலத் தெளிவாக இருத்தல் வேண்டும். அவ்வாக்கியத்துக்குத் துணை செய்யாத நிகழ்ச்சி எவ்வளவு சிறப்பானதாயினும் விலக்கத்தக்கது. சேர்ப்பது எளிது, விலக்குவதே திட்டமிடுதலின் உயிர். ஆண்டு இலக்கை அறிவிப்பதற்கும், எவரையேனும் கண்டிப்பதற்கும் இந்நாட்களைப் பயன்படுத்தவே கூடாது. ஒருமுறை அவ்வாறு செய்துவிட்டால், மறுமுறை எவரும் மனத்தைத் திறந்து வர மாட்டார்கள்.

இடம்: அழகைவிடத் துண்டிப்பே முக்கியம். நியூ டவுனில் 2012-இல் திறக்கப்பட்ட ஈக்கோ பார்க் 480 ஏக்கர் பரப்புடையது; ஏரியும் மரங்களும் நிறைந்தது. ஆயினும் குளிர்கால விடுமுறை நாட்களில் அங்கே திரளும் கூட்டம் தனிமைக்கு உதவாது. மறுபுறம், மிகத் தொலைவான மலைவாசஸ்தலத்தைத் தேர்ந்தால் இரண்டு நாளில் ஒரு நாள் பயணத்திலேயே கழிந்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் சேரத்தக்க, சந்தைக்கும் நெடுஞ்சாலைக்கும் விலகிய, எல்லோரும் ஒன்றாக அமர ஒரு கூடமும் தனியே நடக்க ஒரு பாதையும் உள்ள இடம் போதும். முன்கூட்டியே ஒருவர் நேரில் சென்று ஓர் இரவு தங்கிப் பார்ப்பது நல்லது. பகலில் அமைதியாகத் தோன்றும் இடத்தின் அருகிலேயே இரவில் ஒலிபெருக்கி முழங்கும் திருமண மண்டபம் இருக்கக்கூடும்.

காலம்: கொல்கத்தாவில் சித்திரை, வைகாசி மாதங்களின் புழுக்கமும் கால்வைசாகிப் புயலும், அடுத்து செப்டம்பர் வரை நீளும் மழையும், ஐப்பசியை ஒட்டிய துர்க்கா பூஜைக் காலமும் போக எஞ்சுவது குளிர்காலம். ஆன்ட்பூர் நிகழ்ச்சி நடந்ததும் அப்பருவத்திலேயே. ஆனால் கல்பதரு நாளான ஜனவரி 1-ஆம் நாள் காசிப்பூர், தட்சிணேசுவரம் முதலிய இடங்களில் கூட்டம் அலைமோதும். மகர சங்கராந்தியை ஒட்டிக் கங்காசாகர் யாத்திரிகர்களால் நகரமே நிறைந்திருக்கும். அந்நாட்களைத் தவிர்த்தல் நலம். நிதியாண்டு முடியும் மார்ச்சு மாதமும் வேண்டாம். உடல் முகாமிலும் மனம் கணக்கிலும் இருக்கும்.

நாளை எப்படிப் பகுப்பது? வெள்ளி மாலை சேர்ந்து ஞாயிறு பிற்பகல் திரும்பும் முகாமுக்கு ஒரு மாதிரி: வெள்ளி இரவு உணவுக்குப் பின் மறுநாள் நண்பகல் உணவு வரை மௌனம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அமைதியாக அமர்தல், பின்பு தனியே நடத்தல், சிற்றுண்டிக்குப் பின் ஓர் உரை, அதைப் பற்றித் தனியே எழுதுதல். பிற்பகல் ஓய்வு, ஓய்வைத் திருடக் கூடாது. மாலையில் எட்டெட்டுப் பேராகப் பிரிந்து உரையாடல். அந்தியில் பாடலோ பிரார்த்தனையோ. இரவு விரைவில் உறக்கம். ஒரு நாளுக்கு இரண்டு உரைகளுக்கு மேல் வேண்டாம். கேட்டது செரிக்க நேரம் தராவிட்டால் மூன்றாவது உரை முதல் உரையையும் அழித்துவிடும். காந்தியடிகள் எத்தனை அலுவல்களுக்கு இடையிலும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். அவரைவிட அலுவல் மிக்கவர் இங்கே எத்தனை பேர்?

கருவி: முகாமின் முதற்கருவி மனிதர்களே. 1895-ஆம் ஆண்டு ஜூன் 18 முதல் ஆகஸ்ட் 7 வரை அமெரிக்காவில் ஆயிரம் தீவுப் பூங்காவில் சுவாமி விவேகானந்தர் நடத்திய வகுப்புகள் இதற்கு நல்ல பாடம். டச்சர் என்ற மாணவி தம் குடிலை அளித்தார். அதற்காகவே அதில் ஒரு பகுதியைப் புதிதாகக் கட்டவும் செய்தார். நூற்றுக்கணக்கானோர் சுவாமிஜியின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தும், அங்கே வந்து சேர்ந்த மாணவர்கள் பன்னிருவரே. வேலையாட்களை வைத்துக்கொள்ளாமல் வீட்டு வேலைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது என்று அவர்கள் முடிவு செய்தனர். சுவாமிஜியும் சில வேளைகளில் தாமே சமைத்துப் பரிமாறினார். வால்டோ என்ற மாணவி எடுத்த குறிப்புகளால் அவ்வுரைகள் உலகுக்குக் கிடைத்தன. 1908-இல் அவை சென்னையிலிருந்து நூலாக வெளிவந்தன. இடம் தந்தவர் ஒருவர், குறிப்பெடுத்தவர் ஒருவர், பாத்திரம் துலக்கியவர் எல்லோரும். ஒரு முகாமுக்கு வேண்டிய அமைப்பு இதில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் அங்கே நிகழ்ந்தது. மழை பெய்த ஓர் இரவில், டெட்ராய்ட் நகரிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து இரு பெண்கள் அழைப்பின்றியே வந்து சேர்ந்தனர். சுவாமிஜி அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர்களுள் ஒருவரே பின்னாளில் சகோதரி கிறிஸ்டைன் ஆனவர். வேட்கையோடு எதிர்பாராமல் வருபவருக்கு ஓர் இடம் எப்போதும் வைத்திருத்தல் வேண்டும்.

நடைமுறைக் கருவிகளும் உள. நிகழ்ச்சியில் பங்குபெறாமல் ஏற்பாடுகளை மட்டும் கவனிக்க இருவர் தேவை. இல்லையேல் தலைவரே சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார். கைபேசிகளை ஒப்படைக்கச் சொல்லுமுன், வீட்டார் அவசரத்துக்கு அழைக்க ஒரு பொது எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். உணவு எளிமையாக, நேரம் தவறாமல் இருக்கட்டும். கிச்சடியும் காய்கறிக் கூட்டும் போதுமானவை. நீரிழிவு உள்ளவர், மூத்தவர், மருந்து உட்கொள்பவர் யார் யார் என்று முன்பே அறிதல் அவசியம். துக்கத்தில் இருப்பவருக்கும் மனநோய்க்கு மருத்துவம் பெறுபவருக்கும் நீண்ட மௌனம் சுமையாகலாம். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எழுந்து சென்று ஒருவரோடு பேசலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் அன்புடைமை.

பொருள்: செலவு யாருடையது என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும். நன்கொடையில் இயங்கும் தொண்டு நிறுவனத்துக்கு ஒவ்வொரு காசும் ஏழையின் பங்கு. தலைவருக்குத் தனி அறையும் ஓட்டுநருக்குத் திண்ணையும் ஒதுக்கும் முகாமில் சமத்துவம் பற்றிய உரை எடுபடாது. வருகை விருப்பத்தைப் பொறுத்ததாக இருத்தலும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. அலுவலகம் சம்பளம் தருகிறது. அதனால் ஊழியரின் வழிபாட்டுக்கு அது உரிமையாளர் ஆகிவிடாது. பல சமயத்தார் சேர்ந்த குழுவாயின், பொதுவான அமைதி நேரத்தை வைத்து, அவரவர் நெறிப்படி அமர விடுவதே முறை. ஆன்ட்பூரில் இந்துத் துறவியராகப் போகும் இளைஞர்களை எழுப்பியது ஏசுநாதரின் வாழ்க்கை. ஆயிரம் தீவுப் பூங்காவில் சுவாமிஜி முதல் வகுப்பை யோவானின் நற்செய்தியைக் கொண்டே தொடங்கினார். அந்த விரிவு நம் முகாம்களிலும் இருத்தல் வேண்டும்.

மூத்தவரே முதலில்

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒன்று இல்லையேல் அனைத்தும் வீண். அது உண்மையைக் கேட்கும் துணிவு.

பௌத்த பிக்குகள் மழைக்கால மூன்று மாதமும் ஓரிடத்தில் தங்குவர். அந்த வாசம் முடியும் நாளில் 'பவாரணா' என்னும் சடங்கு உண்டு. ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் கைகூப்பி, தம்மிடம் எவரேனும் குற்றம் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ இரக்கத்தோடு எடுத்துரைக்குமாறு வேண்டுவார். இதைத் தொடங்குபவர் சங்கத்தில் மிக மூத்தவர். மூத்தவரே முதலில் வணங்கிக் கேட்கும்போது இளையவருக்கு அச்சம் நீங்குகிறது. மூன்று மாதத் தவத்தின் முடிவில் பாராட்டுரையை வைக்காமல் இச்சடங்கை வைத்த பேரறிவு வியக்கத்தக்கது.

1926-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் இராமகிருஷ்ண மடம், மிஷன் ஆகியவற்றின் முதல் மாநாடு பேலூர் மடத்தில் எட்டு நாட்கள் கூடியது. அதுவும் ஒருவகையில் ஒரு நிறுவனம் தன்னையே நோக்கிய நாட்கள்தாம். வரவேற்புரை ஆற்றிய சுவாமி சாரதானந்தர் சாதனைகளைப் பட்டியலிட்டு அமையவில்லை. எந்த இயக்கமும் எதிர்ப்பு, அலட்சியம், ஏற்பு என்ற நிலைகளைக் கடக்கிறது என்று கூறி, அவற்றுள் ஏற்பின் காலமே ஆபத்தானது என எச்சரித்தார். பகை இருந்தவரை இருந்த விழிப்பும் தியாகமும் புகழ் வந்ததும் தளர்ந்துவிடுகின்றன. குளிரிலும் பசியிலும் சிதறாத குழு, வசதியில் சிதறக்கூடும்.

முகாமின் இறுதி அமர்வில் தலைவர் இதைப் பின்பற்றலாம். "என் செயலால் உங்கள் பணி கடினமாகும் இடம் எது?" என்று அவர் முதலில் கேட்கட்டும்; கேட்டபின் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்ளட்டும். தம் தரப்பை விளக்கத் தொடங்கினால் அந்தக் கணத்திலேயே கதவு மூடிவிடும். முன்னே சொன்ன அலுவலகத்தின் இரு மேலாளர்களும் ஒருவரையொருவர் நோக்கி இக்கேள்வியைக் கேட்க முடிந்தால், அந்த இரண்டு நாட்களில் வேறெதுவும் நடக்காவிடினும் குறையில்லை.

திரும்பும் நாள்

உறைந்த தயிரைக் கடையாமல் விட்டால் புளித்துப்போகும். முகாமின் நெகிழ்ச்சியும் அத்தகையதே. அந்த உணர்ச்சியில் பத்துத் தீர்மானங்கள் எடுப்பது எளிது; பத்தும் ஒரு வாரத்தில் மறையும். ஒவ்வொருவருக்கும் ஒன்று, குழுவுக்கு ஒன்று, இவ்வளவே போதும். அலுவலகத்தில் தினமும் காலை பத்து நிமிடம் ஒன்றாக அமைதியாக அமர்வது, வாரத்தில் ஒரு நாள் மின்னஞ்சலை விட்டு நேரில் சென்று பேசுவது போன்ற சிறு நியமங்களே நிலைக்கும். திங்கட்கிழமை முற்பகலில் கூட்டங்களை வைக்காதிருத்தல் நன்று. நாற்பது நாட்கள் கழித்து அதே குழு ஒரு மணி நேரம் கூடி, எடுத்த நியமம் நிற்கிறதா என்று பார்க்கட்டும். அந்த நாளை முகாமுக்குப் புறப்படுமுன்னரே நாட்காட்டியில் குறித்து வைத்திட வேண்டும்.

ஆன்ட்பூரிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்காக மாளிகை எதுவும் காத்திருக்கவில்லை. அதே பாழடைந்த வராகநகர் வீடு, அதே பசி. வீடு மாறவில்லை, அதற்குள் நுழைந்தவர்கள் மாறியிருந்தனர். எந்த முகாமுக்கும் இதுவே உரைகல்.

சிந்தனைக்கு

1. உங்கள் குழுவோ சங்கமோ எதற்காகத் தொடங்கப்பட்டது? அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மற்ற உறுப்பினர்களும் அதையேதான் எழுதுவார்களா?

2. கடந்த முறை நடத்திய முகாமின் நிகழ்ச்சி நிரலிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை விலக்க வேண்டுமாயின், எவற்றை விலக்குவீர்கள்? ஏன்?

3. உங்கள் குழுவில் குறையை அஞ்சாமல் எடுத்துச் சொல்லத்தக்கவர் யார்? அவர் கடைசியாக எப்போது பேசினார்? அப்போது யார் செவிசாய்த்தார்?